இடைநின்றவர் முப்பத்தொரு பேர்

நவம்பர் 12, செவ்வாய்

தவறு என்னுடையது. நான் எழுத்தராக வேலை பார்க்கும் பள்ளியின் வருகைப் பதிவேட்டிலிருந்து அட்டவணை எடுத்தபோது, சிரிகீ மலைத் தோட்டங்களுக்குக் காப்பிப் பழம் பறிக்கப் போன முப்பத்தொரு நோபே பழங்குடிப் பிள்ளைகளையும் ‘இடைநின்றவர்’ கட்டத்தில் எழுதிவிட்டேன். படிவத்தில் வேறு கட்டம் இல்லை. ஆனாலும் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். இதே அறுவடையால் ஆறாம் வகுப்பை இரண்டு முறை படித்தவள் நான். இருபத்திரண்டு வயதிலும் மாலை வகுப்பில் உட்கார்ந்திருப்பவள்.

பழங்குடி மாணவர் முன்னேற்றத் திட்டத்துக்கான கூட்டம் இரண்டு மணிக்குத் தொடங்கியது. தலைமையாசிரியர் அராவுஸ், நகரத்துக்காரர், என் தாளைத் தட்டினார்.

“முப்பத்தொண்ணு! முதல் வேலையா இந்தப் பேரையெல்லாம் அடிங்க. தேர்ச்சி விகிதம் தானா ஏறிடும்.”

ஆசிரியர்கள் தலையாட்டினார்கள். நான் பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தேன்.

பெற்றோர் சார்பில் வந்திருந்த மினெர்வா எழுந்தார். தோட்டத்திலிருந்து நேராக வந்தவர். இடுப்பில் இன்னும் கூடைக் கயிறு.

“பேர அடிச்சா எம்பொண்ணு பரீட்சை எழுத முடியுமா?”

“முடியாது. மறுபடி ஆறாவதுதான்.”

“அவ ஓடிப் போகல சார். டிசம்பர் பரீட்சைக்கு வந்துருவா.”

“உங்க ஆளுங்களுக்குப் படிப்ப விடக் காப்பிதான பெருசு?”

“எங்களுக்கா? வந்ததுலேருந்து மூணாவது கப்பு நீங்கதான குடிக்கிறீங்க!”

யாரோ சிரித்தார்கள். அராவுஸ் முகம் கறுத்தது.

“எழுதினது உங்க ஊர்ப் பொண்ணு. அதக் கேளு.”

மினெர்வா என் பக்கம் திரும்பினார். “நீயாடி? எங்கூடத் தோட்டத்து லயக் குடிசைல ஒண்ணாப் படுத்துப் பழம் பறிச்சவதான நீ?”

“தப்பா எழுதிட்டேன்க்கா,” என்றேன். அராவுஸ் பக்கம் திரும்பினேன். “சார், அவங்க படிப்ப விடல. எல்லாரும் தோட்டத்துலதான் இருக்காங்க.”

“தெரிஞ்சே எழுதினியா? நல்லா வேலை பாக்குற! திட்டம் வியாழக்கிழமை காலைல மேலிடத்துக்குப் போகுது. பரீட்சைக்கு அனுப்புறோம்னு ஒவ்வொரு வீட்டாளும் நாளைக்குள்ள கையெழுத்துப் போடணும். போடாத பேரு அடிபடும்.”

கூட்டம் முடிந்ததும் வாசலில் மினெர்வா நிற்கவில்லை. “எம்பொண்ணு பேரு போச்சுன்னா எம்மூஞ்சில முழிக்காத,” என்று சொல்லிக்கொண்டே நடந்தார்.

இருபத்தாறு பேர் எந்தத் தோட்டம் என்று உறுதியாகத் தெரியும். ஐந்து பேரைப் பற்றிச் சந்தேகம். கூட்டத்தில் ‘எல்லாரும்’ என்று ஏன் சொன்னேன்?

நாளை மாலை வகுப்புக்கு விடுப்பு. காலை ஐந்து மணிக்குத் தோட்ட லாரியில் ஏற வேண்டும். பதிவேடு, கைநாட்டுக்கு மைப்பெட்டி. முதலில் மேல் லயம், மினெர்வா வீடு. பிறகு ஆற்றோர லயம். அந்த ஐந்து பேரை அங்கே விசாரிக்க வேண்டும்.