குன்றொலியில் பொதிந்த காய்

பொய் அச்சான தாளில் பொதிந்த வாழைக்காய் பழுக்காது என்பது 1956 மார்கழியில் பண்ணைக்காட்டில் தெரியவந்தது. அந்த வாரம் காப்பிக்கொட்டை விலை சற்று இறங்கியிருந்தது. மிளகு நிலையாக நின்றது.

இதைத் தொடங்கிவைத்தவர் அரசியல் தலைவர் திருமலைச்சாமி. அவர் திறந்துவைத்த பள்ளங்கிப் பள்ளிக்கூடத்துக்குக் கூரையே இல்லை என்று கொடைக்கானலில் சேனாதிபதி நடத்திய 'குன்றொலி' வாரப் பத்திரிகை எழுதியிருந்தது. தலைவர் மேடையில் அந்தத் தாளை ஆட்டிக் காட்டி, "இதுல வர்றது அம்புட்டும் பொய்யிங்க. வாழைக்காய் பொதியத்தான் லாயக்கு!" என்றார். கூட்டம் கைதட்டிச் சிரித்தது. பழனிக்கு இறங்கும் காய் தோல் கன்றாமலிருக்கச் சீப்புச் சீப்பாகத் தாளில் பொதிவது அங்கே வழக்கம். தலைவர் சொல்லைத் தட்டாத வியாபாரி அழகுமலை, குன்றொலியைக் கட்டாக வாங்கிப் பொதிந்தார். புகைமூட்டம் போடாமலே விடிவதற்குள் காயெல்லாம் மஞ்சளாகிவிட்டது. தாள் போதாமல் தலைவரின் கூட்ட நோட்டீசில் பொதிந்த சீப்புகள் மட்டும் பச்சையாக இருந்தன. பொங்கல் கழிந்தும், பங்குனி உத்திரம் கழிந்தும் அப்படியே இருந்தன. அதில் ஒரு காயை அழகுமலை கதவுக்கு முட்டுக்கொடுக்க வைத்துக்கொண்டார்.

குன்றொலி அதன்பின் நன்றாக விற்றது. வாசிக்க அச்சடித்ததைப் பொதிவதற்கு வாங்குகிறார்களே என்று சேனாதிபதிக்கு மனக்குறைதான். ஆனாலும் அப்பா தொடங்கிய பத்திரிகை. பொய் எழுதாத குடும்பம் என்று வாழைக்காயே சாட்சி சொன்னதில் அவர் தலை இன்னும் நிமிர்ந்தது.

1961இல் பண்ணைக்காட்டுப் பாதையில் புதுப்பாலம் ஒன்று தூறல் மழைக்கே இடிந்தது. கட்டியவர் ஞானவேல், சேனாதிபதியின் மகள் லீலாவின் கணவர். சிமெண்டு குறைவு என்று சேனாதிபதிக்குத் தெரியும். 'வரலாறு காணாத வெள்ளம், பாலம் சேதம்' என்று அச்சடித்தார். மூன்றாம் நாள் அவர் மனைவி சிவபாக்கியம் ஒரு சீப்பைக் கொண்டுவந்து அச்சகத்து மேசையில் போட்டாள். சத்தம் கல் விழுந்தது போலிருந்தது.

"ஒங்க தாளுல பொதிஞ்சது. சந்தையே சிரிக்குது."

"மருமகன் மானம் நம்ம மானமில்லையா?"

"காய்க்குத் தெரியுமா அவரு நம்ம மருமகன்னு?"

அடுத்த இதழில் முதல் பக்கத்தில், சிமெண்டைக் குறைத்தவர் இப்பத்திரிகை ஆசிரியரின் மருமகன் என்று பெயரோடு வந்தது. அதில் பொதிந்த காய் சந்தைக்குப் போகும் வழியிலேயே பழுத்தது. ஞானவேல் லீலாவை அழைத்துக்கொண்டு பண்ணைக்காட்டுக்கு இறங்கினார். ஆறு வருடம் மாமனார் வீட்டுப் படியேறவில்லை. "சொந்த மருமகனையே சந்தியில நிறுத்துனவன் எழுதுறதை நம்பலாமாங்க?" என்று தலைவர் மேடைதோறும் கேட்டார். ஆனால் அந்தத் தலைவர் வீட்டுப் பூசைக்குப் பழம் வாங்கப் போகிறவர்களே எந்தத் தாளில் பொதிந்தது என்று விசாரித்துத்தான் வாங்கினார்கள்.

1967 தை மாதம் ஞானவேல் அச்சக வாசலில் வந்து நின்றார். கண்டிராக்டை விட்டு வாழைத்தோட்டம் போட்டிருந்தார்; அது முதல் தார் வெட்டு.

"தாளு வேணும் மாமா."

"இந்த வாரத்துதா?"

"இல்லங்க. எம்பேரு வந்துச்சே, அது. அதுலதான் வெரசாப் பழுக்குதுன்னு சொல்றாக."

சேனாதிபதி பரண்மேல் மிச்சமிருந்த கட்டை இறக்கி, தூசி தட்டி, மருமகன் பெயர் உட்பக்கம் வரும்படி மடித்துக் கொடுத்தார். "அப்படியில்ல மாமா" என்று ஞானவேல் அதைப் பிரித்து, பெயர் வெளியே தெரியத் திருப்பி மடித்துக்கொண்டார். சிவபாக்கியம் உள்ளே இலை போட்டாள்.