ராம்பிரசாத்துக்குப் பதில் ஆள்

ஹூஸ்டனில் கம்பெனியை நல்ல விலைக்கு விற்றுவிட்டு, அமெரிக்கக் குடியுரிமையும் முதுகுவலியுமாக ராம்பிரசாத் ஒஸ்லோவுக்கு வந்து இரண்டு குளிர்காலம் போய்விட்டது. மனைவி நிவேதிதாவுக்கு இங்கே பல்கலைக்கழகத்தில் நிரந்தர வேலை தருகிறார்கள். இருப்பதா, திரும்புவதா என்று இன்று அவர் வாய் திறந்தாக வேண்டும்.

"இங்க ஒருத்தரும் முகம் பாத்துப் பேச மாட்டேங்கறாங்க நிவி. ஹூஸ்டன்ல நம்மள மதிப்பாங்க."

"மதிச்சது உங்க காரை."

அன்றைக்கென்று பார்த்து டுக்னாட். பனி உருகியதும் குடியிருப்புக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து முற்றம் பெருக்கும் நாள். ராம்பிரசாத் ஒரு ஆளை அமர்த்தியிருந்தார்: எல்லிங்ஸ்ருட்டிலிருந்து துப்புரவு வேலைக்கு வரும் வரதராசா.

"அண்ணை, இதுக்கு ஆள் விடுறேல்லை. செத்த வீட்டுக்குக் கூலிக்கு ஆள் அனுப்பின மாதிரி இருக்கும்" என்று அவர் சொல்லித்தான் பார்த்தார்.

"அமெரிக்கால எல்லாத்துக்கும் ஆள் உண்டு வரதராசா. நீங்க வாங்க."

பால்கனியிலிருந்து பார்த்த ராம்பிரசாத்துக்கு வயிறு எரிந்தது. வரதராசாவின் முதுகில் ஒருவன் தட்டுகிறான். இரண்டு வருடமாக லிஃப்டில் பொத்தானை மட்டுமே பார்த்துக்கொண்டு வரும் கீழ்வீட்டுக் கிழவி, அவருக்கு வாஃபிள் ஊட்டாத குறை.

வரதராசா மேலே பார்த்துக் கத்தினார்: "அண்ணை! இவை என்னைத்தான் ராம்பிரசாத் எண்டு நினைச்சுப்போட்டினம். இப்ப சொல்லட்டோ, திண்டு முடிச்சுச் சொல்லட்டோ?"

ராம்பிரசாத் இறங்கிப் போனார். "நான்தான் ராம்பிரசாத்" என்றார் ஆங்கிலத்தில்.

"அப்படியானால் இவர்?" என்றாள் கிழவி.

"நான் வரவழைத்த ஆள்."

கிழவி அவரை மேலும் கீழும் பார்த்தாள். வாஃபிள் தரவில்லை, விளக்குமாற்றைத் தந்தாள். வழுக்காமலிருக்கக் குளிர்காலம் முழுக்கக் கொட்டிய பொடிக்கல்லை அவர் கூட்ட, அவள் கூடவே நடந்து குறை சொன்னாள். அப்படியில்லை, இப்படி. நடுவில் தன் முழங்கால் வலியையும் சொன்னாள். ஹூஸ்டனில் பக்கத்து வீட்டில் யார் இருந்தார்கள் என்றே அவருக்குத் தெரியாது. திட்டுவதற்குக்கூட ஒருவரும் வந்ததில்லை.

"என்னங்க, நான் என்ன பதில் எழுதட்டும்?" மேலிருந்து நிவேதிதா.

அவர் இடுப்பைப் பிடித்தபடி நிமிர்ந்தார். "சரின்னு எழுதிடு. இதை முடிக்காம இந்தம்மா என்னை எங்கயும் விடாது."

கிழவி சைக்கிள் நிறுத்துமிடத்தைச் சுட்டிக் காட்டினாள். அங்கே இன்னும் யாரும் கை வைக்கவேயில்லை.