பொறுக்கி எடுத்த மத்தி

"உங்க கல்லே மீன் நிறைய இருக்குன்னு சொல்லுதுல்ல அண்ணி? கையெழுத்துப் போட மட்டும் கை என்ன சுளுக்கிக்கிச்சா?"

கொழுந்தன் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு மாடியில் துணி காயப்போட்டவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். ஒட்டுக்கேட்கவில்லை, காது இருந்தது, கேட்டது.

அண்ணிக்கு மீன்வள அலுவலகத்தில் வேலை. தெருவுக்கு அவள் மீன் டாக்டர். மத்தியின் தலையைப் பிளந்து, காதுக்குள் இருக்கும் பொடிக்கல்லின் வளையங்களைப் பார்த்து வயது சொல்லுவாள். பல வயது மீனும் கலந்திருந்தால் வலை போடலாம். வெறும் குஞ்சென்றால் நிறுத்தியாக வேண்டும். மறுநாள் அவள் போடும் கையெழுத்தில் கொழுந்தனின் படகும், பருவம் முடிந்ததும் நாத்தனாருக்கு நடக்கவிருந்த கல்யாணமும் தொங்கின.

"கல்லைப் பார்த்தா எல்லாம் கிழட்டு மீன், தம்பி. படகுத்துறையில பார்த்தா எல்லாம் விரல் நீளம். எனக்கு வயித்தைக் கலக்குது."

"டாக்டருக்கே வயித்துக்கோளாறா!"

புருஷன் என்று ஒருவன் இருந்தான். சண்டை என்றால் அவனுக்குக் குளியலறைதான் கதி.

மாமியாருக்குப் பொறுக்கவில்லை. "அவகிட்ட ஏன்டா கத்துறே? வாராவாரம் உன் படகுல இருந்து ஆபீசுக்குன்னு வீட்டுக்குக் கூடை வருதே, அதுல பொடியை எல்லாம் அடுப்படிக்கு ஒதுக்கிட்டு, பெரிசாப் பார்த்து அடுக்குறது யாரு? நாலு பேர் முன்னாடி என் மருமக மானம் போகக் கூடாதுல்ல?"

மருமகளுக்கு உட்கார்ந்திருந்த நாற்காலியே படகாக ஆடியது. வந்ததை வந்தபடி அள்ளவேண்டிய கூடை அது. வீட்டு வாசலுக்கே வருகிறது, அலைச்சல் மிச்சம் என்று விட்டது அவள்தான்.

"எப்போலேருந்து அத்தை?"

"ஆரம்பத்துலேருந்தே. நன்றியெல்லாம் எதுக்கும்மா."

கொழுந்தனின் குரல் தரையைத் தொட்டது. "அண்ணி... இது நம்ம மூணு பேருக்குத்தானே தெரியும்?"

மாடியை அவன் கணக்கில் சேர்க்கவில்லை.

அவள் விடிந்ததும் துறைக்குப் போய், படகு படகாக ஏறி, முகத்தை வேறுபக்கம் திருப்பிக்கொண்டு கைக்கு வந்ததை அள்ளினாள். அலுவலகத்தில் ஒவ்வொரு கல்லையும் கண்ணாடிக்கடியில் வைக்கும்போது, ஒரு வளையமாவது தெரியாதா என்று வேண்டாத சாமியில்லை. ஒன்றிலும் இல்லை. எல்லாம் முட்டையிடாத குஞ்சு. இதையும் அரித்துவிட்டால் அடுத்த வருஷம் கடலில் தண்ணீர்தான் மிஞ்சும்.

பழைய கணக்கு தப்பு, தப்பு என்னுடையது என்று எழுதி, நிறுத்தச் சொல்லிக் கையெழுத்துப் போட்டாள். மத்தியானத்துக்குள் படகுகள் கட்டப்பட்டன. எதிரில் வந்தவர்கள் அவளைக் கண்டதும் வேறு தெருவில் திரும்பினார்கள்.

மாப்பிள்ளை வீட்டாருக்கும் படகுதான் பிழைப்பு. "அப்புறம் பார்க்கலாம்" என்றவர்கள் அப்புறம் வரவேயில்லை. நாத்தனார் ஐஸ் லாரி டிரைவரைக் கட்டிக்கொண்டாள். அழுததாக யாரும் சொல்லவில்லை. கொழுந்தன் படகோடு தன் மாமனார் ஊர்த் துறைக்குப் போய்விட்டான். அண்ணனுக்கு மட்டும் போன் வரும், அவன் குளியலறையிலிருந்து பேசுவான்.

மாமியார் இங்கேதான் இருக்கிறாள். மருமகளோடு பேச்சுவார்த்தை உண்டு. கூடைப் பக்கம் போகத்தான் அனுமதியில்லை.