சம்பந்திகள் விதைத்த கோதுமை

அக்டோபர் பன்னிரண்டாம் தேதி, சனிக்கிழமை, காலை ஏழே முக்கால் மணிக்கு அனார்குல் கல்யாணத்துக்கென்று எடுத்த வெல்வெட் உடுப்புக்குக் கீழே ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு வயலில் நின்றாள். அன்றைக்கு அவள் கொழுந்தன் மகனின் கல்யாண விருந்து. முற்றத்தில் ஐந்து அடுப்புகள் எரிந்துகொண்டிருந்தன. ஆனாலும் இருபத்திரண்டு நாளாக விடாமல் செய்துவந்த காரியத்தை இருபத்திமூன்றாம் நாள் விட அவளுக்கு மனம் வரவில்லை.

காரியம் இதுதான். வயலின் நான்கு மூலையிலும் நடுவிலும் ஒரு விரல் ஆழம் தோண்டி, கைப்பிடி மண் எடுப்பாள். அதை மாவு உருண்டை போல அழுத்திப் பிடித்து, இடுப்பு உயரத்திலிருந்து கீழே போடுவாள். சப்பென்று விழுந்து அப்படியே கிடந்தால் விதைக்கக் கூடாது. உடைந்து சிதறினால் விதைக்கலாம். செப்டம்பர் இருபதில் பிடித்த மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டே இருந்ததால், இருபத்திரண்டு நாளும் உருண்டை சப்பென்றுதான் விழுந்தது.

அது ஐந்து வீட்டுக்குப் பொதுவான வயல். கூட்டுப்பண்ணை கலைந்தபோது கிடைத்த பங்குகளை வரப்புப் போடாமல் ஒன்றாகவே வைத்துக்கொண்டார்கள். எட்டு ஹெக்டேர். டிராக்டர் ஒன்று, விதைக்கும் இயந்திரம் ஒன்று, விதைக்க நாள் குறிக்கும் வாயும் ஒன்று. போன வருஷம் வரை அந்த வாய் கொழுந்தன் ஷார்ஷெனுடையது. அவன், அப்பா காலத்திலிருந்து செப்டம்பர் இருபத்தைந்துதான் என்று, மழை ஈரத்திலேயே இயந்திரத்தை இறக்கினான். பாதி விதை மண்ணுக்குள்ளேயே அழுகிப்போனது. குளிர்காலப் பனி உருகியபோது வயல் சொறி பிடித்த ஆட்டைப் போலத் திட்டுத்திட்டாகக் கிடந்தது. கோதுமை விளைகிற ஊரில் ஐந்து வீடும் கடையில் மாவு வாங்கித் தின்றது. அதன் பிறகுதான் நாள் குறிக்கும் பொறுப்பை அனார்குலிடம் கொடுத்தார்கள். இந்த வருஷமும் தப்பினால் நிலத்தைப் பக்கத்துப் பெரிய பண்ணைக்குக் குத்தகைக்கு விட்டுவிடுவது என்றும் பேசி முடித்திருந்தார்கள். கொட்டகையில் இருந்தது முப்பத்திரண்டு மூட்டை விதை. அதைக் கெடுத்தால் வேறு இல்லை.

அவள் வேண்டாம் என்று சொன்ன ஒவ்வொரு நாளும் கேலிக்குக் குறைவில்லை.

"மதினி, மண்ணு உருட்டி உருட்டிக் கை வழவழன்னு ஆயிருச்சு. மாஸ்கோவுல பஸ் ஓட்டுற அண்ணன் திரும்பி வந்தா, யாரோ பெரிய இடத்துப் பொம்பளைன்னு நெனச்சுத் திரும்பிப் போயிருவாரு," என்பான் ஷார்ஷென்.

"போனா போகட்டும். சேத்துல விதைச்ச கை உன்னோடது. அதை மொதல்ல கழுவு," என்பாள் இவள்.

அந்தச் சனிக்கிழமை முதல் உருண்டையைப் போட்டாள். அது உடைந்தது.

அவள் நம்பவில்லை. இரண்டாவது மூலைக்குப் போனாள். உடைந்தது. வெள்ளிக்கிழமை ராத்திரி முழுக்கக் கல்யாணக் கூடாரத் துணியைப் பிய்த்துக்கொண்டு அடித்த மேல்காற்றை எல்லாரும் திட்டினார்களே, அந்தக் காற்று செய்த வேலை இது. ஐந்து இடத்திலும் உருண்டை உடைந்து, பொலபொலவென்று பூட்ஸ் மேல் சிதறியது. அனார்குல் தனியாக நின்று சிரித்தாள். பிறகு போனை எடுத்து வானிலையைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. சாயங்காலம் ஆறு மணிக்கு மழை. ஞாயிறும் திங்களும் மழை. புதன்கிழமையிலிருந்து பனி கொட்டும்.

ஆக, இருப்பது இந்த ஒரு பகல்தான். இதை விட்டால், விதை முளைத்து வேர் பிடிக்குமுன் மண் உறைந்துவிடும்.

ஷார்ஷென் முற்றத்தில் டீ கொதிக்கவைக்கும் சமோவாருக்கு விறகு செருகிக்கொண்டிருந்தான். அவள் எதிரில் போய் நின்றாள்.

"வாயை ஊது."

"என்ன மதினி, காலங்காத்தால?"

"ஊதுன்னா ஊது."

ஊதினான். டீ வாசனைதான் வந்தது.

"நல்லது. இன்னைக்கு ஒரு சொட்டுக் குடிக்காதே. விதைக்கப் போறோம்."

அவன் கையிலிருந்த விறகு கீழே விழுந்தது. "மதினி, இருபத்திரண்டு நாள் வேண்டாம் வேண்டாம்னுட்டு இன்னைக்கா? பத்து மணிக்குச் சம்பந்திங்க வர்றாங்க. நாரின்லேர்ந்து ராத்திரியே கிளம்பி, கணவாய் தாண்டி வர்றாங்க. பொண்ணு குடுத்தவங்களை உக்கார வெச்சுட்டு நான் டிராக்டர்ல ஏறினேன்னா, நாரின் முழுக்க நம்ம பேரு நாறிப்போயிரும். என் மகன் எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு மாமனார் வீட்டுக்குப் போவான்?"

"விதைக்கலைன்னா?"

ஷார்ஷென் கொட்டகைப் பக்கம் பார்த்தான். விதைக்கும் இயந்திரம் மூன்று வாரமாக டிராக்டரில் பூட்டியபடியே வாசலில் நின்றது. பிள்ளைகள் அதன் கைப்பிடியில் கல்யாண பலூன்களைக் கட்டிவைத்திருந்தார்கள்.

"ரெண்டுல ஒண்ணுதான் மதினி," என்றான் மெதுவாக. "விருந்தாளியை விட்டுட்டுப் போக என்னால முடியாது. மத்த நாலு வீட்டு ஆம்பளைங்களும் பரிமாறுற வேலையில நிக்கிறாங்க. நீங்களே சொல்லுங்க."

அவன் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. அதுதான் சங்கடம். அனார்குல் கடைசி உருண்டையைக் கையிலேயே வைத்துக்கொண்டு சமையல் பக்கம் போனாள். அங்கே வீட்டுப் பெண்கள் ஒரு பெரிய கிண்ணத்தில் மாவை நிரப்பி, அதைத் துணியால் மூடி ஒளித்துக்கொண்டிருந்தார்கள். சம்பந்திகள் முகத்தில் பூசுவதற்கு. வாய்க்கால் ஓரத்தில் இரண்டு வாளியும் தயாராக இருந்தது. மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் என்ன கேலி செய்தாலும் சம்பந்திகள் ஏன் என்று கேட்கக் கூடாது. மாட்டு மேல் ஏற்றினால் ஏற வேண்டும், பாவாடை கட்டி ஆடச் சொன்னால் ஆட வேண்டும். கோபித்துக்கொண்டால் அவர்களுக்குத்தான் அவமானம்.

அனார்குல் அந்த மாவுக் கிண்ணத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, "இதை அப்பமாச் சுட்டுருங்க," என்றாள். "இன்னைக்கு வேற கேலி."

சம்பந்திகள் பத்தே காலுக்கு இரண்டு வேனில் வந்து இறங்கினார்கள், இருபத்துநான்கு பேர். முன்னால் மணப்பெண்ணின் அப்பா இமானாலி. சாம்பல் நிறக் கோட்டு, புது மடிப்புக் கலையாத வெள்ளைக் கம்பளித் தொப்பி, சிவந்த முகம். கேலிக்குப் பயந்து நாலு பக்கமும் பார்த்துக்கொண்டே வந்தார். கூடாரத்துக்குள் உட்கார்ந்து, கைகளை ஏந்தி ஆசி சொல்லி, டீ ஒரு சுற்று போனதும், விழா நடத்துகிறவர் மைக்கில் மாப்பிள்ளையின் பெரியம்மாவை வாழ்த்துச் சொல்ல அழைத்தார். அனார்குல் ரப்பர் பூட்ஸோடேயே போய் மைக்கை வாங்கினாள்.

"சம்பந்திமாரே, வாழ்த்து அப்புறம் சொல்றேன். மொதல்ல ஒரு கேள்வி. மாப்பிள்ளை வீட்டுப் பொம்பளைங்க பண்ற கேலிக்குச் சம்பந்திங்க மாட்டேன்னு சொல்லலாமா, கூடாதா?"

"கூடாது!" என்று சமையல் பக்கத்திலிருந்து பெண்கள் கத்தினார்கள்.

இமானாலி எழுந்தார். "மாட்டேன்னு சொல்ல மாட்டோம் சம்பந்தியம்மா. தண்ணியில மட்டும் தள்ளிராதீங்க. கோட்டு புதுசு."

"தண்ணி கிடையாது. மண்ணுதான்."

அவள் அவர் முன்னால் போய் நின்று, உருண்டையை இடுப்பு உயரத்திலிருந்து கம்பளத்தின் மேல் போட்டாள். அது உடைந்து அவர் பளபளக்கும் ஷூ வரை சிதறியது.

"இது உடையணும்னு இருபத்திமூணு நாளாக் காத்திருந்தேன். சாயங்காலம் மழை, அப்புறம் பனி. இன்னைக்கு விட்டா உங்க பொண்ணு வாழவந்த வீட்டுல வர்ற வருஷம் ரொட்டி கிடையாது. எங்க ஆம்பளைங்க உங்களைத் தனியா விட்டுட்டு வயலுக்குப் போனா மரியாதைக் குறைச்சல். அதனால நீங்களும் வாங்க. இன்னைக்கு உங்களுக்கு நாங்க வெச்சிருக்கிற கேலி, எட்டு ஹெக்டேர்."

ஷார்ஷென் தலையைக் கவிழ்த்துக்கொண்டான். இமானாலி குனிந்து ஒரு துண்டு மண்ணை எடுத்து விரலில் நசுக்கிப் பார்த்தார்.

"நாங்க ஆட்டுக்காரங்க, சம்பந்தியம்மா. கோதுமையை ரொட்டியாத்தான் பாத்திருக்கோம். எட்டு ஹெக்டேர்னா எவ்வளவு?"

"வாசல்லேர்ந்து அந்த நெட்டைமர வரிசை வரைக்கும்."

அவர் கூடாரத் துணியை விலக்கி எட்டிப் பார்த்தார். "அடேயப்பா! மூஞ்சியில மாவு பூசியிருக்காங்க. கழுதை மேல பின்பக்கமா உக்கார வெச்சிருக்காங்க. இந்தக் கேலிய இதுவரைக்கும் எவனும் எனக்குப் பண்ணலை." கோட்டைக் கழற்றி மனைவியிடம் கொடுத்தார். "டேய், எழுந்திருங்கடா! கறி ஆறிருமே, அது என்ன பண்றது?"

"கறி உங்க பின்னாலேயே வயலுக்கு வரும்," என்றாள் அனார்குல்.

பிறகு நடந்ததை நாரினில் இன்றும் சொல்லிச் சிரிக்கிறார்கள். ஷார்ஷென் புதுச் சட்டையோடு டிராக்டரில் ஏறினான். விதை இறங்க இருபத்துநான்கு குழாய் வைத்த பழைய இயந்திரம் அது. பின்னால் ஒரு பலகை உண்டு. இரண்டு பேர் அதில் நின்று, விதைப் பெட்டியைக் கவனித்து, மண்ணைக் கீறும் இரும்பு வட்டுகளில் ஒட்டும் சேற்றைக் கம்பியால் தள்ளிக்கொண்டே வர வேண்டும். ஈரமான வருஷத்தில் அந்த இரண்டு பேர் இல்லாமல் ஒன்றும் நடக்காது. வெள்ளைத் தொப்பியும் கழுத்துப் பட்டியுமாகச் சம்பந்திகள் பலகைக்கு முறை போட்டுக்கொண்டார்கள். மற்றவர்கள் மூட்டை சுமந்தார்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் வயல் முனையில் ஒரு தட்டுக் கறி, போர்சோக் என்கிற எண்ணெயில் பொரித்த மாவுப் பலகாரம், ஒரு கிண்ணம் குமிஸ் என்கிற புளித்த குதிரைப்பால். வோட்கா மட்டும் வேலை முடிகிற வரை கிடையாது என்று அனார்குல் பெட்டியைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

முதல் கைப்பிடி விதையை மணப்பெண்தான் எறிந்தாள். வெள்ளை முக்காட்டோடு அவள் வயல் ஓரத்தில் தயங்கி நின்றபோது, அனார்குல் தன் பூட்ஸைக் கழற்றி அவளுக்குக் கொடுத்துவிட்டு, காலுறையோடு ஈர மண்ணில் நின்றாள்.

"பெரியம்மா, உங்க காலு..."

"இந்த மண்ணை எனக்கு இருபத்திமூணு நாளாத் தெரியும். நீ எறி."

முதல் சுற்றிலேயே ஏறிய இமானாலி, தன் முறை முடிந்தும் பலகையை விட்டு இறங்கவில்லை. நாலு சுற்றுக்கு மேல் நின்றார். ஒரு கையில் கம்பி, மறு கையில் போர்சோக், வாயில் மேய்ச்சல் பாட்டு.

"சம்பந்தி, பாட்டு அப்புறம், குழாயைப் பாருங்க!" என்று ஷார்ஷென் திரும்பிக் கத்துவான்.

"பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்! ரெண்டாயிரம் ஆட்டை எண்ணத் தெரிஞ்சவனுக்கு இருபத்துநாலு குழாய எண்ணத் தெரியாதா? நீ முன்னால பாத்து ஓட்டு, வரி வளைஞ்சு போகுது!"

மூன்று மணிக்கு மேற்கே மேகம் கட்டியது. நாலரைக்கு மலை மறைந்தது. அனார்குல் வயல் முனையில் நின்று மீதி மூட்டையை எண்ணினாள். ஆறு. நாலு. ஒன்று. ஐந்து மணி நாற்பது நிமிஷத்துக்குக் கடைசி மூட்டையைப் பெட்டியில் கவிழ்த்தார்கள். நெட்டைமர வரிசையை ஒட்டிக் கடைசி ஓட்டம் பாதியில் இருந்தபோது முதல் துளி அவள் மூக்கின்மேல் விழுந்தது. டிராக்டர் வயலை விட்டு ரோட்டில் ஏறியபோது மழை பிடித்துக்கொண்டது. சம்பந்திகள் தொப்பியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கூடாரத்துக்கு ஓடினார்கள். கால் முட்டி வரை சேறு, முகமெல்லாம் சிரிப்பு. வோட்காப் பெட்டியின் சாவியை அவள் இடுப்பிலிருந்து எடுத்தபோது எழுந்த கூச்சலில் மைக் தேவைப்படவில்லை.

"மதினி, வாழ்த்து இன்னும் சொல்லலை நீங்க," என்றான் ஷார்ஷென்.

"மழை சொல்லுது, கேட்டுக்கோ," என்றாள்.

பனி, போனில் போட்டிருந்ததைவிட இரண்டு வாரம் தாமதமாகத்தான் வந்தது. அதற்குள் விதைத்த பதினாறாம் நாள், அனார்குல் வழக்கம்போல ஏழே முக்காலுக்கு வயலுக்குப் போனாள். மண்ணை எடுக்கக் குனிந்தவள் எடுக்கவில்லை. ஈர மண்ணுக்கு மேலே பச்சை ஊசி ஊசியாகக் கிளம்பியிருந்தது. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை, திட்டு இல்லை, சொட்டை இல்லை. ஷார்ஷெனையும் மற்ற நாலு வீட்டாரையும் போன் போட்டு வரவழைத்தாள். எல்லாரும் வயலோரத்தில் நின்று பார்த்தார்கள். குத்தகைப் பேச்சை யாரும் எடுக்கவில்லை.

முதலில் கவனித்தது ஷார்ஷென்தான். "மதினி, அங்க பாருங்க. ஒவ்வொரு ஓட்டத்துலயும் சரியா ஒரே ஒரு வரி காணோம்."

எண்ணிப் பார்த்தார்கள். இருபத்துமூன்று வரி பச்சை, ஒரு வரி வெறும் மண். மறுபடி இருபத்துமூன்று, மறுபடி வெறும் மண். கொட்டகைக்குப் போய் இயந்திரத்தின் பதினோராவது குழாயைக் கழற்றினார்கள். வாயில் கல்லைப் போல இறுகிப்போய் ஒன்று அடைத்துக்கொண்டிருந்தது. அனார்குல் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, சிரிப்பை அடக்க முடியாமல் மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டாள்.

அன்று மத்தியானமே நாரினிலிருந்து போன் வந்தது. இமானாலிதான்.

"சம்பந்தியம்மா, தூக்கம் வரலை. சொல்லுங்க, நாங்க விதைச்சது மொளச்சிருச்சா?"

"எல்லாம் மொளச்சிருச்சு சம்பந்தி," என்றாள் அனார்குல், அந்தப் போர்சோக்கை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு. "நீங்க விதைச்ச பலகாரம் மட்டும்தான் இன்னும் மொளைக்கலை."