மூன்று விநாடிக் கணக்கு

பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்தபோது அவள் அலுவலகத்தில் வேலையாக இருந்தாள். மற்றவர்கள் எழுதும் கம்ப்யூட்டர் புரோகிராம்களில் எங்கே பிசகு என்று நோண்டிக் கண்டுபிடிப்பதுதான் அவள் பிழைப்பு. நாலு வயது மகள் எலிக்குட்டி எண்களில் பின்தங்கியிருக்கிறாளாம். உடனே வந்து கையெழுத்துப் போட வேண்டுமாம்.

தலைமையாசிரியை ஒரு தாளை நீட்டினார். மகளின் பெயருக்கு எதிரே சிவப்புக் கட்டம்.

"கம்ப்யூட்டரே சொல்லுதும்மா. பத்துக்கு ரெண்டுதான் சரி. இனிமே விளையாட்டு நேரத்துலயும் லேப்ல உட்காரட்டும். அதுக்குத்தான் உங்க சம்மதம் கேக்கறோம்."

ஜன்னலைத் துடைத்துக்கொண்டிருந்த ஆயாம்மா திரும்பிப் பார்த்தார். "அந்தப் பிள்ளைக்கா எண்ணத் தெரியாது? தெனமும் தண்ணிக்கு டம்ளர் எடுத்து வைக்கிறதே அவதான். நேத்து பதினேழுதான் வச்சா. ஏன்டின்னா, ரெண்டு பேரு வரல ஆயாம்மாங்கறா."

"உன்னை யாரு கேட்டா? வேலையப் பாரு."

ஆயாம்மா முகம் சுருங்கி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அம்மாவுக்குச் சுருக்கென்றது.

"மேடம், அந்தப் பாடத்தை நான் ஒரு தடவை பார்க்கணும்," என்றாள்.

லேபில் பிள்ளைகள் காதில் ஹெட்போனோடு பொம்மை மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். மகள் பக்கத்தில் அவள் குந்தினாள். திரையில் ஆறு வாத்துகள் நீந்தின. எலிக்குட்டி ஒவ்வொன்றாக விரல் நீட்டி எண்ணி, "ஆறும்மா," என்று திரும்பிச் சொன்னாள். அதற்குள் திரையில் ஒரு குரங்கு தலையில் கைவைத்து அழுதது. தப்பு. அடுத்து ஐந்து பலூன்கள். சரியாகத்தான் எண்ணினாள். குரங்கு மறுபடியும் அழுதது. அம்மா கடிகாரத்தைப் பார்த்தாள். ஒவ்வொன்றுக்கும் மூன்று விநாடிதான் அவகாசம்.

"எம் பொண்ணு எண்ணி முடிக்கிறதுக்குள்ள தப்புன்னு எழுதிக்குது, மேடம். ஒரு நாள் யாராவது பக்கத்துல உட்கார்ந்து பார்த்தீங்களா?"

"பெரிய கம்பெனி செஞ்சது. அதுக்குத் தெரியாததா நமக்குத் தெரியப்போகுது?"

"நானும் அதே மாதிரி கம்பெனியிலதான் வேலை செய்யறேன். எங்களுக்கு என்ன தெரியும், என்ன தெரியாதுன்னு எனக்கு நல்லாவே தெரியும். கையெழுத்துப் போட மாட்டேன்."

வெளியே வரும் வழியில் கண்ணாடி அலமாரி ஒன்று இருந்தது. மரக்கட்டைகள், கோர்க்கும் மணிகள், களிமண் டப்பாக்கள். எதிலும் மேலே சுற்றியிருந்த பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கப்படவில்லை. பூட்டில் தூசி.

"இதெல்லாம் எப்ப மேடம் குடுப்பீங்க?"

"குடுத்தா எறைச்சிடுவாங்கம்மா. பிள்ளையைச் சேர்க்க வர்றவங்க பார்க்கட்டும்னு வச்சிருக்கோம்."

அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அலுவலகத்துக்குத் திரும்பவில்லை. பள்ளி விடும்வரை வாசலில் நின்று, வந்த பெற்றோரிடமெல்லாம் சொன்னாள். ஆறு பேருடைய வீட்டுக்கும் அதே சிவப்புக் கட்டம் வந்திருந்தது. ஒரு பஸ் டிரைவர், "என் பையன் ஒரு வாரமா நான் மக்கான்னு கேட்டு அழறான்," என்றார்.

திங்கட்கிழமை காலை பதினோரு பேர் தலைமையாசிரியையின் அறையில் நின்றார்கள். யாரும் கத்தவில்லை. அலமாரியைத் திறக்கும்வரை போவதில்லை என்று மட்டும் சொன்னார்கள். கம்ப்யூட்டர் இருந்துவிட்டுப் போகட்டும், கூடவே ஒரு டீச்சரும் உட்கார வேண்டும் என்றார்கள். ஒன்பதரைக்குச் சாவி வந்தது. பிளாஸ்டிக்கைக் கிழித்ததும் பிள்ளைகள் ஆளுக்கு ஒரு பக்கம் இழுத்து, அரை மணி நேரத்தில் தரையெல்லாம் கட்டை.

ஆயாம்மாவை மட்டும் அங்கே காணோம். குறுக்கே பேசியதற்காக அவரைக் கழிப்பறை வேலைக்கு மாற்றியிருந்தார்கள்.

"அது நிர்வாக விஷயம்," என்றார் தலைமையாசிரியை.

"இந்தக் கட்டடத்துலயே எம் பொண்ணைக் கண்ணால பார்த்தது அவங்க ஒருத்தங்கதான்," என்றாள் அம்மா.

தினமும் அலுவலகம் போகும் வழியில் இறங்கி, ஆயாம்மாவைப் பழைய வேலைக்கே மாற்றச் சொல்லிக் கேட்டாள். பன்னிரண்டாம் நாள் ஆயாம்மா வகுப்புக்குத் திரும்பினார். அவரிடம் ஒருவரும் மன்னிப்புக் கேட்கவில்லை. அம்மாவின் கோபம் இன்றுவரை ஆறவில்லை.