பொத்தான் இல்லாத பியானோ

"அப்ப அந்த பட்டன் எங்க?" என்றேன்.

"எந்த பட்டன்?"

"சுருதியைக் கூட்டிக் குறைக்கிற பட்டன். ட்ரான்ஸ்போஸ் பட்டன்."

டெனிஷா பியானோவின் மூடியைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்தாள். பிறகு குனிந்து அடியிலும் பார்த்தாள். எனக்காகத்தான் பார்த்தாள் என்று நினைக்கிறேன்.

"விக்ரமன், இது மரமும் கம்பியும். பட்டன் எல்லாம் உன்ட சேர்ட்டில மட்டும்தான் இருக்கு."

கொட்டாஞ்சேனையில், தேவாலயத்துக்குப் பின்னாலிருந்த மண்டபத்தின் முன்னறையில் நின்றுகொண்டிருந்தோம். பியானோ அங்கேதான் இருந்தது. உள்ளே தேர்வுக் குழுவினர் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். குடித்து முடித்ததும் வெளியே வந்து டெனிஷாவைப் பாடச் சொல்வார்கள். சேர்ந்திசைக் குழு ஒன்று அடுத்த ஜூலையில் எஸ்தோனியாவில் நடக்கும் பாட்டு விழாவுக்குப் போகிறது. அதில் ஒரே ஒரு இடம் மீதம். டெனிஷா கொள்ளுப்பிட்டியில் ஒரு பல் வைத்தியரின் வரவேற்பு மேசையில் வேலை செய்கிறாள். கொழும்பை விட்டு வெளியே போன தூரமெல்லாம் பக்கத்திலுள்ள வத்தளைக்குக் கொஞ்சம் அப்பால்தான். பாஸ்போர்ட்டை மட்டும் எப்போதோ எடுத்து வைத்திருந்தாள். அதன் வெறும் பக்கங்களை அடிக்கடி புரட்டிப் பார்ப்பாள்.

கூட வாசிப்பதற்கு ஒருவரை அழைத்து வரவேண்டும், பியானோ இருக்கிறது என்று சொல்லியிருந்தார்கள். அந்த இரண்டாவது வாக்கியத்தை நம்பித்தான் என் கீபோர்டை வெள்ளவத்தையில் கட்டிலுக்கு அடியில் விட்டுவிட்டு பஸ் ஏறினேன்.

நான் வாசிக்கப் பழகியது முகம் தெரியாத ஒருவரிடம். போலந்துக்காரர். வீடியோவில் கைகள் மட்டும் தெரியும். திரையின் மேலிருந்து நிறக் கட்டங்கள் மழைபோல விழும். எந்தக் கட்டையில் விழுகிறதோ அதை அழுத்த வேண்டும். அநேகமாக எல்லாம் வெள்ளைக் கட்டைகள்தான். எங்கள் ஃபிளாட்டின் சுவர்கள் மெல்லியவை என்பதால், டெனிஷா பாட வரும் நாட்களைத் தவிர, எப்போதும் ஹெட்போன் போட்டுக்கொண்டுதான் வாசிப்பேன். பாட்டு வேறு சுருதியில் இருந்தால் ட்ரான்ஸ்போஸ் பொத்தானை அழுத்துவேன். டெனிஷாவின் குரலுக்கு நான்கு தரம் குறைக்க வேண்டும். பிறகு பழைய வெள்ளைக் கட்டைகளையே அழுத்துவேன், பெட்டி எனக்காகப் பொய் சொல்லும்.

இதில் எனக்கு வெட்கமே இருந்ததில்லை. உலகத்தில் ஆட்கள் எப்படியெல்லாம் பழகுகிறார்கள் என்று தேடித் தேடி வாசிப்பவன் நான். வெனிசுவேலாவில் சின்னப் பிள்ளைகளின் கையில் முதலில் காகித மட்டையால் செய்த வயலினைத்தான் கொடுப்பார்களாம். சத்தமே வராத அந்த வயலினைப் பிடித்து நிற்கப் பழகிய பிறகுதான் உண்மையான வயலின். அமெரிக்காவில் முன்பு ஒரு பெரிய பாட்டாசிரியருக்குக் கறுப்புக் கட்டைகளில் மட்டும்தான் வாசிக்கத் தெரியுமாம். சுருதியை மாற்ற பியானோவில் ஒரு நெம்புகோல் பூட்டி வைத்திருந்தாராம், வெளிநாடு போனாலும் அந்தப் பியானோவைக் கூடவே கொண்டு போவாராம். அவரை நினைத்து நான் பலநாள் ஆறுதல் அடைந்திருக்கிறேன். அவருக்குக் கப்பல் இருந்தது. எனக்கு பஸ்ஸில் நிற்கவே இடமில்லை.

"சரி, நீ உன்ட வெள்ளைக் கட்டையிலயே வாசி. நான் ஏறிப் பாடுறன்," என்றாள் டெனிஷா.

வாசித்தேன். அது ஒரு மாதா பாட்டு. முதல் இரண்டு வரிகள் பிழையில்லை. மூன்றாவது வரியில் பாட்டு மேலே ஏறும் இடத்தில் அவள் குரல் கீச்சிட்டு உடைந்தது. அதையே ஒரு ஸ்தாயி கீழே இறக்கிப் பாடினாள். தன் குரல் தனக்கே கேட்கவில்லை என்றாள்.

"மேல போனா மாதாவைக் கூப்பிடுற மாதிரி இல்ல, ஓட்டோவைக் கூப்பிடுற மாதிரி இருக்கு," என்று சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். சிரிக்கத்தான் பார்த்தாள். கைப்பையைத் திறந்து மூடினாள், மறுபடியும் திறந்தாள். அதற்குள் பாஸ்போர்ட் இருப்பது எனக்குத் தெரியும். இந்தத் தேர்வுக்கு அது தேவையே இல்லை.

உள்ளே கோப்பைகளை அடுக்கும் சத்தம் கேட்டது.

அப்போதுதான் எங்கள் பக்கத்து ஃபிளாட் ஞாபகம் வந்தது. அங்கே மாலையில் வாய்ப்பாட்டு வகுப்பு நடக்கும். நான் ஹெட்போனைக் கழற்றினால் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து சுருதிப் பெட்டியின் ரீங்காரம் வரும். ஸா, பா, ஸா. வேறொன்றும் இல்லை. அதன்மேல்தான் பிள்ளைகள் எல்லாவற்றையும் பாடுவார்கள்.

டெனிஷாவிடம் அவளுக்கு வசதியான சுருதியை முனகச் சொன்னேன். முனகினாள். கட்டைகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தேன். அவளுடைய ஸா ஒரு கறுப்புக் கட்டையில் இருந்தது. வெள்ளையில் எனக்குத் தெரிந்த ஸாவிலிருந்து பா எவ்வளவு தூரமோ அவ்வளவு தூரம் எண்ணிப் போனேன். அதுவும் கறுப்பு.

"இந்த ரெண்டையும் மட்டும் வாசிக்கிறன். நீ இதுக்கு மேல பாடு."

"ரெண்டு விரலா?"

"ரெண்டு விரலை இடம் மாத்த எனக்கு ஏலும். பத்தையும் மாத்த ரெண்டு வருஷம் வேணும்."

"எஸ்தோனியா அவ்வளவு காலம் நிக்காது மச்சான்," என்று எழுந்தாள்.

குழுவை நடத்தும் ரமணி மிஸ் வெளியே வந்து எங்களுக்கு எதிரில் உட்கார்ந்தார். அவரோடு வந்தவர்கள் பின்னால் இருந்தார்கள். மிஸ் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு தொடங்கச் சொன்னார். நான் காலடியில் இருந்த பெடலை மிதித்தேன். அது முதலில் கிறீச்சிட்டது. பிறகு அந்த இரண்டு கட்டைகளையும் மாறி மாறி, மெல்ல, விடாமல் அழுத்தினேன். டெனிஷாவைத் தவிர வேறு யார் காதிலும் விழும்படி நான் வாசிப்பது அதுதான் முதல் தடவை. பழைய பியானோவின் மரம் முழுவதும் அதிர்வதை முழங்காலில் உணர்ந்தேன்.

டெனிஷா பாடத் தொடங்கினாள். ஒத்திகையில் நான் கை நிறைய வாசித்தபோது இப்படிப் பாடியதில்லை. இப்போது அவளைச் சுற்றி நிறைய இடம் இருந்தது.

மூன்றாவது வரி ஏறும் நேரத்தில் தெருவில் பேக்கரிச் சாமான் விற்கும் பாண் ஓட்டோ வந்தது. அதன் ஒலிபெருக்கி மெட்டு கொழும்பில் யாருக்குத் தெரியாது? கீபோர்டில் நான் பழகிய முதல் மெட்டும் அதுதான். பாண்காரன் மண்டபத்து வாசலிலேயே நிறுத்திவிட்டான். அவன் சுருதி வேறு, எங்கள் சுருதி வேறு. டெனிஷா வரியின் நுனியில் நிறுத்திக் கண்ணை மூடினாள். இன்னும் நாலு கட்டை தெரிந்திருந்தால் நான் அவசரப்பட்டு எதையாவது வாசித்துக் குழப்பியிருப்பேன். தெரிந்தது இரண்டுதான், அதனால் அதையே வாசித்துக்கொண்டிருந்தேன். யாரோ பணிஸ் வாங்கினார்கள். ஓட்டோ முடுக்கில் திரும்பி மறைந்தது. அவள் விட்ட இடத்திலேயே, விட்ட சுருதியிலேயே பிடித்து ஏறினாள். குரல் உடையவில்லை.

பாட்டு முடிந்தது. ரமணி மிஸ் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தார்.

"பாண்காரன் போற வரைக்கும் சுருதி பிசகாம நிண்டீங்களே, மகள்," என்றார். "அங்க ஜூலையிலயும் குளிரும். ஸ்வெட்டர் ஒண்டு வாங்கி வையுங்க."

டெனிஷா என் தோளைப் பிடித்து உலுக்கினாள். நான் பியானோ மூடியை மெதுவாக மூடினேன், யாரும் வேறெதுவும் கேட்பதற்கு முன் போய்விட வேண்டும் என்று.

ரமணி மிஸ் எழுந்து வந்து அதை மறுபடியும் திறந்தார். இந்தக் காலத்துப் பிள்ளைகள் பத்து விரலையும் காட்டாமல் விடமாட்டார்கள், இப்படி அடக்கமாக வாசிப்பவரைத் தான் கண்டதில்லை என்று பின்னால் இருந்தவர்களிடம் சொன்னார். அவர்களும் தலையாட்டினார்கள். பிறகு ஒரு கட்டு இசைத்தாளை என் முன்னால் வைத்தார். இசைக்குறி வாசிக்கத் தெரியாத என் கண்ணுக்கு முதல் பக்கம் முழுவதும் எறும்புகள் ஊர்ந்தன. டெனிஷா என் சேர்ட் பட்டன்களையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எங்கட பியானோக்காரர் போன மாசம் மெல்பேர்ன் போயிட்டார், தம்பி. வாற சனிக்கிழமையிலிருந்து குழுவுக்கு நீங்களே வந்து வாசிச்சுத் தாங்களேன்?"