ரொட்டிக் கடை டோக்கன்

அம்மா டோக்கன் ட்ரேயைத் தூக்கிக்கிட்டு, துக்கத்துக்கு வந்திருந்த பஸ் கண்டக்டர்கிட்ட நேராப் போறதைப் பாத்ததும் மகளுக்குப் பகீர்னுச்சு. விரிச்சுக்கிட்டிருந்த நாற்காலியை அப்படியே விட்டுட்டு ஓடினா.

"அம்மா, இப்ப எதுக்கு இதெல்லாம்?"

"சும்மா இருடி. அப்பாவுக்கு இருந்த ஒரே சிநேகிதர். இவர்கிட்ட காட்டாம வேற யாருகிட்ட காட்டுறது?"

அப்பா பக்கத்துக் கட்டில்ல, கழுத்து வரைக்கும் போர்வையோட கிடந்தாரு.

ரெண்டாவது உலக யுத்த காலத்துல சில்லறைக்குத் தட்டுப்பாடு வந்தப்ப, கடைக்காரங்க அவங்கவங்களே பித்தளையில டோக்கன் அடிச்சு மீதிக் காசுக்குப் பதிலா கொடுத்தாங்க. ரொட்டிக் கடை, சலூன், சலவைக் கடைன்னு. அந்தந்தக் கடையைத் தாண்டினா செல்லாது. அதைத் தேடித் தேடிச் சேக்குறதுலயே அப்பா ஆயுசு ஓடிப்போச்சு. கண்டக்டருக்கும் அதே கிறுக்குதான்.

நேத்து அப்பாவுக்குப் பார்வை மங்கிடுச்சு. பாவம், கண்ணுக்குத் தெரியட்டுமேன்னு அம்மா பாத்திரம் விளக்குற பொடியைப் போட்டு ஒவ்வொண்ணா தேய்ச்சு, தங்கமாட்டம் ஆக்கி நீட்டினா. அந்தக் கறுப்பும் களிம்பும்தான் அதுங்களோட வயசு. தேய்ச்சா செத்துச்சு, சேக்குறவன் எவனும் சீந்தமாட்டான். மகளுக்கு அது தெரியும், சின்ன வயசுல ஒண்ணைத் தேய்ச்சு அறை வாங்கினவ. அப்பா பாத்தாரு. சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்தாரு. அப்படியே போயிட்டாரு, கூடவே கிடந்து செஞ்சவளுக்கு முதுகைக் காட்டிக்கிட்டு.

"சந்தோஷத்துல கண்ணு கலங்கிடுச்சு அவருக்கு. அதான் திரும்பிக்கிட்டாரு"ன்னு அம்மா வந்தவங்ககிட்டயெல்லாம் சொல்லிக்கிட்டிருந்தா.

கண்டக்டர் ட்ரேயைப் பாத்தாரு. "அடப்பாவமே, யாரு இதை..."

"அம்மாதான் மாமா தேய்ச்சாங்க. நல்லா இருக்குல்ல?" மகள் முறைச்ச முறைப்புல அவர் வாய் மூடிக்கிச்சு.

"ஜோ... ஜோரா இருக்கு தங்கச்சி."

"இந்த ரொட்டிக் கடை டோக்கனுக்குத்தானே அவரை அந்த நச்சரிப்பு நச்சரிச்சீங்க? கடைசி வரைக்கும் தரல, கஞ்சன். இந்தாங்கண்ணே, நான் தர்றேன்."

"ஐயோ, எனக்கெதுக்கும்மா..."

"என்ன, அதுக்குள்ள ஆசை விட்டுப்போச்சா?" அம்மா சிரிப்பு பாதியில நின்னுச்சு.

"வாங்கிக்கங்க மாமா." கெஞ்சினாளா மிரட்டினாளான்னு மகளுக்கே தெரியல.

"பெரிய மனசு தங்கச்சி உனக்கு"ன்னு வாங்கி, சட்டைப் பாக்கெட்ல போட்டுக்கிட்டாரு. உள்ள கிடந்த சில்லறையோட சேர்ந்து அது கலகலன்னுச்சு.

மகளுக்குப் போன உயிர் வந்துச்சு. அம்மாவுக்கு அந்தச் சத்தம் காதை விட்டுப் போகல. இந்த ரெண்டு ஆம்பளைங்களும் டோக்கனை விளிம்புல மட்டும் பிடிச்சு, துணியில சுத்தி, மூச்சுக்காத்து படாம வெக்கிறதை எத்தனை வருஷமா பாத்தவ. பாக்கெட்டைப் பாத்தா. மகளைப் பாத்தா. மகள் தலையைக் குனிஞ்சுக்கிட்டா.

"உக்காருங்கண்ணே, டீ வரும்"னா அம்மா.

அப்புறம் ட்ரேயைத் தரையில வெச்சு, அப்பா கிடந்த கட்டிலுக்கு அடியில, காலாலயே தள்ளினா.